கணப்பு அடுப்பில் உரியும் பெயிண்ட்: புது டப்பா வாங்குமுன் செதிலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: குன்னூரில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஓட்டு வீட்டில் வசிக்கிறோம். முன்னறையில் விறகு எரிக்கும் கணப்பு அடுப்பு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள செங்கல் முகப்புக்கு, எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் பளபளப்பான வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயிண்டரை அழைத்து அதன்மேல் எமல்ஷன் அடித்தோம். தீ எரியும் உட்குழிக்கு அவர் கறுப்பு எனாமல் அடித்தார். முதல் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே அடுப்பின் வாய்க்கு மேலே கொப்புளம் கிளம்பிப் பட்டை பட்டையாக உரியத் தொடங்கியது. வலப்பக்கம், கூரையை ஒட்டிய இடத்தில் பழுப்புக் கறையும் தெரிகிறது. வெப்பம் தாங்கும் பெயிண்டை வாங்கி மேலே அடித்துவிட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். டிசம்பர் விடுமுறைக்கு மூன்று வயதிலும் ஆறு வயதிலும் பேரக்குழந்தைகள் வருகிறார்கள். அதற்குள் வேலையை முடித்துவிடலாமா? உரிந்த செதில்கள் சிலவற்றை உறையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

மதிப்புக்குரிய அம்மையீர்,

செதில்களைச் சேர்த்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் என்னிடம் பலரும் சுவரின் புகைப்படத்தைத்தான் அனுப்புகிறார்கள். பெயிண்ட் எங்கே உரிந்தது என்பதைப் புகைப்படம் காட்டும். எதனால் உரிந்தது என்பதற்குச் செதிலின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் உறையில் நான்கு செதில்கள் இருந்தன. பக்கவாட்டுச் சுவரிலிருந்து எடுத்ததாக நீங்கள் குறித்திருந்த இரண்டும் மெல்லியவை. வெங்காயத் தோல்போல வளைகின்றன. அவற்றின் பின்பக்கம் வழவழப்பாகவும் சுத்தமாகவும் இருக்கிறது, தூசிகூட ஒட்டவில்லை. இவை மூன்று ஆண்டுகளுக்கு முன் அடித்த எமல்ஷன் மட்டுமே. பளபளப்பான எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் அதன்மேல் எமல்ஷனை அடித்திருக்கிறார்கள். பிடிமானம் இல்லாததால் அது கழன்று வந்திருக்கிறது. இந்தப் பழுது எந்த வீட்டுக் கதவிலும் வரக்கூடியதுதான், அடுப்பின் சூடு அதைச் சற்று விரைவுபடுத்தியிருக்கிறது, அவ்வளவே.

அடுப்பின் வாய்க்கு மேலிருந்து எடுத்த மற்ற இரண்டும் வேறு வகை. தடிமனானவை, வளைத்தால் ஒடிகின்றன. ஒடிந்த விளிம்பை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது நான்கு அடுக்குகள் தெரிந்தன. மேலே எமல்ஷன், அதன்கீழ் வெள்ளை எனாமல், அதற்கும் கீழே வெளிர்பச்சை, அடியில் மங்கிய மஞ்சள். பின்பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் கறுப்புக் கரியும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூளும் சேர்ந்து ஒட்டுகின்றன. அதாவது, எப்போதோ ஒரு காலத்தில் புகை படிந்திருந்த சுண்ணாம்பு வெள்ளையைக் கழுவாமலே அதன்மேல் முதல் எண்ணெய்ப் பெயிண்டை அடித்திருக்கிறார்கள். அதற்குப் பின் வந்த ஒவ்வொருவரும் அந்தக் கரியின்மேலேயே அடுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுக்குகள் கூடக்கூட எடை கூடும், விறைப்பும் கூடும். சூட்டில் செங்கல் ஓர் அளவும் பெயிண்ட் வேறோர் அளவும் விரிந்து சுருங்கும்போது, எல்லா அடுக்குகளும் சேர்ந்து அடியில் இருக்கும் கரித்தூளோடு பெயர்ந்து வருகின்றன.

இதிலேயே உங்கள் முக்கியக் கேள்விக்கு விடை இருக்கிறது. வெப்பம் தாங்கும் பெயிண்டை இதன்மேல் அடிக்காதீர்கள். அந்தப் பெயிண்ட் 600 டிகிரி செல்சியஸ் தாங்கக்கூடியதாகவே இருக்கட்டும். அது பற்றிக்கொண்டிருப்பது கரியின்மேல் நிற்கும் எனாமலை. கீழே இருப்பது பெயரும்போது மேலே இருப்பதும் கூடவே வரும். செலவு இரட்டிப்பாவதைத் தவிர வேறு பயன் இராது.

ஆனால், எந்தப் பெயிண்ட் அடிப்பது என்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த வெளிர்பச்சையும் மஞ்சளும்தான் எனக்குக் கவலை தருகின்றன. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016இல் அறிவித்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1ஆம் தேதி. அதற்கு முன் விற்ற எண்ணெய்ப் பெயிண்டுகள் பலவற்றில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்கள் தாராளமாகக் கலந்திருந்தன. உங்கள் வீட்டின் அடி அடுக்குகள் அந்தக் காலத்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவற்றில் ஈயம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தரையில் உட்கார்ந்து விளையாடிவிட்டு அதே விரலை வாயில் வைக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு, உதிர்ந்த செதிலும் அதன் தூசியும் எந்த வகையிலும் ஏற்கக்கூடியவை அல்ல.

ஆகவே நான்கு அடுக்கும் உள்ள செதில்கள் சிலவற்றை ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, என்.ஏ.பி.எல். (சோதனை ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பி, ஈய அளவைச் சோதித்துத் தரும்படி கேளுங்கள். முடிவு வரும்வரை ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். இன்றிலிருந்தே அந்த அடுப்பைப் பற்றவைப்பதை நிறுத்திவிடுங்கள். உரிந்த செதில்கள் கீழே தீயில் விழுகின்றன. ஈயம் எரிந்து மறைந்துபோகும் பொருள் அல்ல, ஒரு பகுதி புகையோடு கிளம்பும், மீதி சாம்பலில் தங்கும். நம் வீடுகளில் அந்தச் சாம்பலைக் கத்தரிச் செடிக்கும் கீரைப் பாத்திக்கும் போடுகிறோம், சில வீடுகளில் பாத்திரமும் துலக்குகிறோம். நீங்களும் அப்படிச் செய்துகொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். கடந்த மூன்று குளிர்காலங்களில் பேரக்குழந்தைகள் அந்த அறையில் நெடுநாள் தங்கியிருந்தால், அவர்களுடைய குழந்தை மருத்துவரிடம் இந்த விவரத்தைச் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பருக்குள் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. குன்னூருக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அந்த ஈரத்தில் சுவர் காயாது. காயாத சுவரில் செய்யும் எந்தப் பூச்சும் அடுத்த ஆண்டு மறுபடி உரியும். குழந்தைகள் வருவதற்கு முன் அந்த இடத்தைப் பாதுகாப்பாக்கி மூடிவைத்துவிட்டு, முழு வேலையை மழை விட்டுச் சுவர் உலர்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செய்யுங்கள். குளிருக்கு இந்த ஒரு விடுமுறைக்கு மட்டும் மின்சார ஹீட்டரை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டிய தற்காலிக வேலை பெரிதல்ல. அடுப்பின் முன்னால் ஆறடி அகலத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஓரங்களைத் தரையோடு டேப்பால் ஒட்டுங்கள். பூச்செடிக்கு நீர் தெளிக்கும் கைத்தெளிப்பானால் சுவரை நன்றாக நனைத்து, தானாகக் கழன்று வரும் செதில்களை மட்டும் பட்டி பிளேடால் மெதுவாக எடுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருப்பதைத் தோண்ட வேண்டாம். எடுத்ததையும், அடுப்புக்குள் கிடக்கும் பழைய சாம்பலையும் நனைத்தே அள்ளி, இரட்டைப் பையில் கட்டி, வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லி நகராட்சியிடம் தனியாக ஒப்படையுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சாதாரண வேக்குவம் கிளீனரும் கூடாது, அது நுண்தூசியைப் பின்வழியே அறைக்குள்ளேயே ஊதிவிடும். ஈரத்துணியால் தரையை இரண்டு மூன்று முறை துடைத்து, துணியை அதே பையில் போட்டுவிடுங்கள். பிறகு முகப்பு முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டி, முன்னால் ஓர் அலமாரியையோ தட்டியையோ நிறுத்திவிட்டால் குழந்தைகளின் கை அங்கே போகாது.

மழைக்காலத்தை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். கூரையை ஒட்டி வலப்பக்கம் இருப்பதாக நீங்கள் எழுதிய பழுப்புக் கறை, பெயிண்டின் குறையால் வந்ததல்ல. புகைபோக்கிக்குள் இறங்கும் மழைநீர், உள்ளே படிந்த கரியையும் தாரையும் கரைத்துக்கொண்டு செங்கல் வழியாக வெளியே கசியும்போதுதான் அந்த நிறம் வரும். தேயிலைச் சாயம் சிந்தியதுபோல இருக்கும். எத்தனை முறை அடித்து மறைத்தாலும் மேலே வரும். நல்ல மழை நாளில் ஓர் ஆளை விட்டு மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். புகைபோக்கியின் தலையில் மழைத்தொப்பி இருக்கிறதா, உச்சியில் பூசிய சாந்து வெடித்திருக்கிறதா, புகைபோக்கியும் ஓட்டுக் கூரையும் சேருமிடத்தில் அடித்த தகரம் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்பவை அவை. எனக்கு வரும் வீடுகளில் பெரும்பாலும் மூன்றாவதுதான் பழுதாக இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன், தொழிலுக்கு வந்த புதிதில், கோத்தகிரியில் ஒரு பங்களாவில் இதே போன்ற கறையை நான் நல்ல எண்ணெய்ப் பெயிண்டால் மூடி அடைத்துவிட்டு வந்தேன். அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சுவரின் பெயிண்ட் நீர்ப்பைபோலத் தொங்கியது. குத்தியபோது பழுப்பு நீர் வடிந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு நான் திரும்பவும் சென்று எல்லாவற்றையும் சுரண்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து கூரையைப் பார்க்காமல் கணப்பு அடுப்பில் நான் கை வைப்பதில்லை.

கூரைப் பழுதைச் சரிசெய்த பின்னும் ஈரம் இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. சுவர் வெறுமையாகிவிட்ட ஓரிடத்தில் ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்துக்கள் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. உட்பக்கம் உலர்ந்து, வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். அதற்கு ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும்.

இனி, பிப்ரவரியில் செய்ய வேண்டிய முழு வேலை. முகப்பில் இருக்கும் எல்லா அடுக்குகளையும் செங்கல் தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். ஆய்வக முடிவு ஈயம் உண்டு என்று வந்தால், அந்த வேலையை நீங்களோ வீட்டு ஆட்களோ செய்யாதீர்கள். ஈயப் பெயிண்டைக் கையாண்டு பழகியவரிடம் விடுங்கள். துணி முகக்கவசம் இதற்குப் போதாது. நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். யார் செய்தாலும், சில செயல்களுக்கு நீங்கள் அருகில் இருந்து தடை சொல்ல வேண்டும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ மின்சார கிரைண்டர் வைக்கவோ கூடாது. கேஸ் ஊதுகுழலால் எரித்து எடுக்கவே கூடாது. கம்பி பிரஷையும் தவிர்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சூளையில் வெந்த செங்கலின் கடினமான மேல்தோல் ஒருமுறை போய்விட்டால் பிறகு அந்தக் கல் தூளாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். பெயிண்ட் ரிமூவரைத் தடவி, அது ஊறி இளகிய பின், ஈரத்தோடு சுரண்டி எடுப்பதே நல்ல முறை. ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அருகில் எங்கும் நெருப்பு இருக்கக் கூடாது. எடுத்து முடித்த பின் சுவரைப் பலமுறை கழுவி, ரிமூவரின் வாடை முற்றிலும் போய், குறைந்தது இரண்டு வாரம் காய்ந்த பிறகே அடுப்பில் தீ மூட்டலாம்.

பெயிண்ட் போனதும் கரி தெரியும். வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்துக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் கறுப்பு நீர் வழிந்து உலர்ந்த கல்லில் கோடு போட்டுவிடும். இறுதியில் வெறும் நீரால் அலச வேண்டும், சோடா சுவரில் தங்கினால் பின்னால் உப்புப் பூக்கும். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்க்கும்போது துணியில் கறுப்பு வராதிருந்தால் கழுவியது போதும். உரியாத பூச்சுக்கும் உரியும் பூச்சுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு நாள் வேலையில்தான் இருக்கிறது என்பதைப் பெயிண்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான்.

அதன் பின் முகப்புக்கு என்ன பூசுவது? என்னைக் கேட்டால், நல்ல செங்கலாக இருக்கும்பட்சத்தில் ஒன்றும் பூச வேண்டாம். அந்தக் காலத்து மலை பங்களாக்களின் கணப்பு அடுப்புகள் பல வெறும் செங்கலாகவே கட்டப்பட்டவை; வண்ணம் பிற்பாடு வந்தது. மூட்டுகளில் சாந்து போயிருந்தால் மணலும் சுண்ணாம்பும் சேர்த்த சாந்தால் அடைத்துக்கொள்ளலாம். கொத்தனார் சிமென்ட் போடலாம் என்பார். சுண்ணாம்புக் கட்டுமானத்துக்கு நடுவே சிமென்ட் கடினமாக நின்று, சூட்டில் விரியும் கல்லை ஓரத்தில் உடைத்துவிடும். ஈரத்தையும் வெளியே விடாது.

வெள்ளையாகத்தான் வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். நீர்த்த சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்துத் துணியில் வடிகட்டி, சுவரை நனைத்துக்கொண்டு, நாளைக்கு ஒரு பூச்சாக நான்கைந்து மெல்லிய பூச்சுகள் போதும். அடிக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும், கண்ணில் தெறித்தால் சுண்ணாம்பு புண்ணாக்கிவிடும். நம் ஆட்கள் சுண்ணாம்பு ஒட்ட வேண்டும் என்று பசை கலப்பார்கள். இங்கே அதை அனுமதிக்காதீர்கள், சூட்டில் அந்தப் பசை இளகிப் பழுத்துவிடும். சுண்ணாம்பு மூச்சுவிடும் பூச்சு, உரிந்து தொங்காது. புகைக்கறை பட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேலே ஒரு பூச்சு கொடுத்துக்கொள்ளலாம்.

எமல்ஷனே வேண்டும் என்று வீட்டில் விரும்பினால், அதற்கும் ஓர் அளவுகோல் சொல்கிறேன். அடுப்பு இரண்டு மணி நேரம் நன்றாக எரிந்த பின், முகப்பில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி வைத்திருக்க முடியாத இடம் ஏறத்தாழ 60 டிகிரியையோ அதற்கு மேலோ தொட்டிருக்கும். அங்கே எமல்ஷன் வேண்டாம். தயக்கமின்றிக் கை வைக்க முடிந்த பக்கச் சுவர்களில் தாராளமாக அடிக்கலாம். வாய்க்கு மேலே இருக்கும் பகுதி எப்போதும் கை வைக்க முடியாத இடமாகத்தான் இருக்கும். பட்டி பார்ப்பதையும் அங்கே தவிர்த்துவிடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சூட்டில் தன்னுள் இருக்கும் நீரை இழந்து பொடியாகிவிடும்.

உட்குழியைப் பொறுத்தவரை என் பதில் ஒரே வரிதான்: அங்கே இருக்கும் கறுப்பு எனாமலை முழுவதும் எடுத்துவிட்டு, கல்லை வெறுமையாக விடுங்கள். தீ நேரடியாகத் தொடும் அந்தச் சுவர் பல நூறு டிகிரி ஏறும், சாதாரண எனாமல் அங்கே கருகி நாற்றமெடுக்கத்தான் செய்யும். மூட்டுகள் விட்டிருந்தால் தீக்களிமண் சாந்து கொண்டு அடைக்க வேண்டும்.

கடைக்காரர் சொன்ன வெப்பம் தாங்கும் பெயிண்டுக்கு உங்கள் வீட்டிலும் இடம் உண்டு, ஆனால் அது இரும்புக்கு. அடுப்பின் இரும்புச் சட்டமோ விறகு வைக்கும் தட்டியோ துருவேறியிருந்தால், துருவை உலோகம் பளிச்சிடும்வரை எடுத்து, தின்னரால் துடைத்து, சிலிகான் வகைப் பெயிண்டை இரண்டு மெல்லிய பூச்சாக நேரடியாக அடியுங்கள். கீழே ரெட் ஆக்சைடு பிரைமர் போடக் கூடாது; பிரைமர் முதலில் கருகி மேலே உள்ளதையும் கழற்றிவிடும். இந்தப் பெயிண்ட் காற்றில் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், சூடேறிய பிறகுதான் இறுகும். ஒரு நாள் விட்டு, முதல் முறை சில சுள்ளிகளை மட்டும் எரித்து ஆறவிட்டு, அடுத்த முறை சற்று அதிகம், மூன்றாம் முறை முழு நெருப்பு என்று படிப்படியாகச் சூடேற்றுங்கள்; டப்பாவில் அச்சிட்ட முறை இதற்கு மாறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அப்போது புகையும் காரமான வாடையும் வரும், ஜன்னல்களைத் திறந்துவைத்து எல்லோரும் வேறு அறையில் இருங்கள்.

கடைசியாக விறகு. நீலகிரியில் கிடைப்பது பெரும்பாலும் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). இரண்டும் நன்றாக எரியக்கூடியவை, ஆனால் பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி ஓராண்டு காய வேண்டும். எரியும்போது கட்டையின் வெட்டு முனையில் நுரை பொங்கிச் சீறினால் அது காயவில்லை. காயாத விறகின் புகையில் நீராவியும் தாரும் அதிகம். அதுதான் புகைபோக்கிக்குள் படிந்து, மழைநீரில் கரைந்து உங்கள் சுவரில் கறையாக வந்திருக்கிறது. அந்தப் படிவு மூன்று மில்லிமீட்டர் தடிமனை எட்டிவிட்டால் அடுப்பின் சூட்டிலோ பொறியிலோ தீப்பற்றும் அபாயமும் உண்டு. பிப்ரவரியில் பெயிண்டரை அழைப்பதற்கு முந்தைய வாரம் புகைபோக்கியைத் துடைக்க ஆள் அழையுங்கள், இல்லாவிட்டால் புதுச் சுண்ணாம்பின்மேல் அந்தக் கரி முழுவதும் கொட்டும். துடைத்த பின் அடுப்புக்குள் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மழைத்தொப்பியின் ஓரமாக வெளிச்சம் தடையின்றித் தெரிய வேண்டும்.

ஆய்வக முடிவு வந்ததும் அதில் உள்ள ஈய அளவை எனக்கு எழுதுங்கள். சுரண்டும் வேலையை எந்த ஏற்பாட்டில் செய்வது என்பதை அதைப் பார்த்த பின் உறுதி செய்துகொள்ளலாம்.